கல்லூரிக்குத் திரும்புவது பின்னடைவா?

தேர்வு முடிந்த கையோடு கோடையில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் கல்லூரி மாணவர்கள், அடுத்த பருவம் தொடங்கும்போது அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்புகிறார்கள். அந்த நாட்களில் ஒரே தீர்ப்பைப் பல வாய்களிலிருந்து கேட்கலாம்: “ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டதை நாலு வருஷம் காலேஜ்ல உக்காந்தாலும் கத்துக்க முடியாது.” வேலை வாங்கிய டீம் லீடர் இதைப் பாராட்டாகச் சொல்கிறார். கட்டணம் கட்டிய பெற்றோர் ஆதங்கத்தோடு சொல்கிறார்கள். முதல் சம்பளத்தைக் கையில் வாங்கிய மாணவர் பெருமிதத்தோடு சொல்கிறார். ஆசிரியர்களிலேயே சிலர் தலையாட்டுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடுகிறது. அலுவலகம்தான் உண்மையான கல்லூரி, கல்லூரி என்பது பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் இடம், ஆகவே திரும்பிப் போவது ஒரு பின்னடைவு என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் கருத்து. இது தவறான கருத்து. கோடை வேலையில் கிடைப்பது அனுபவம் மட்டுமே. அந்த அனுபவம் கல்வியாக மாறுவது வேலை முடிந்த பிறகு, கல்லூரிக்குத் திரும்பி வந்து படிக்கும் மாதங்களில்தான். அந்த மாதங்களை வீண் என்று ஒதுக்குகிறவர்கள் கோடை வேலையின் பயனையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

எதிர்த்தரப்பில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். நேரத்துக்கு வருவது, சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிப்பது, மேலதிகாரிக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று கேட்பது, தன்னைவிட இருபது வயது மூத்தவரோடு சேர்ந்து வேலை பார்ப்பது ஆகியவற்றை எந்த வகுப்பறையும் இவ்வளவு விரைவாகக் கற்றுத்தருவதில்லை. ஆனால் எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 320 மணி நேரம்தான். அதிலும் முதல் வாரம் கணினிக்கு அனுமதி வாங்குவதிலும், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதிலும் கழிந்துவிடும். கடைசி வாரம் செய்ததை ஒப்படைப்பதில் போய்விடும். இடைப்பட்ட காலத்தில் மாணவர் கையில் கொடுக்கப்படுவது, தவறினாலும் நிறுவனத்துக்குப் பெரிய நட்டம் வராத ஒரு சிறு துண்டு வேலை. ஏற்கெனவே எழுதப்பட்ட மென்பொருளைச் சோதிப்பார், வவுச்சர்களை டேலியில் ஏற்றுவார், எக்செல் தாளில் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனம் நடத்துகிறவர் பிழைப்பு அது. பாடம் நடத்துவது அவர் பொறுப்பில்லை. அவர் கற்றுத்தருவது தம் வேலை நடக்கத் தேவையான அளவு. அந்த அளவையே கல்வியின் அளவு என்று நாமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கோடையைக் கழிக்கும் பி.காம். மாணவியின் வேலையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டை ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கிய, விற்றவர்கள் காட்டிய பில்கள் அடங்கிய 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, பொருந்தாத பில்களைத் தனியாக எடுக்கச் சொல்வார்கள். பத்தே நாளில் அவர் அதில் தேர்ந்துவிடுவார். ஆனால் பில் கையில் இருக்கும்போது, வரியையும் கொடுத்திருக்கும்போது, விற்றவர் தம் கணக்கில் அதைக் காட்டவில்லை என்பதற்காக வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவு ஏன் நிற்கவேண்டும்? 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அப்படிச் சொல்கிறது என்று அலுவலகத்தில் பதில் கிடைக்கும். வேலைக்கு அது போதும். வரிமேல் வரி விழுவதைத் தடுக்க மதிப்புக் கூட்டு வரி என்ற முறை எப்படி உருவானது, 1954இல் பிரான்சில் மொரீஸ் லோரே அதை ஏன் சங்கிலிபோல் அமைத்தார், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பொய் சொன்னால் அரசுக்கு என்ன இழப்பு, அந்த இழப்பை நேர்மையான வணிகர் தலையில் கட்டுவது நியாயமா என்றெல்லாம் யோசிக்க ஆடிட்டர் அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை, மாதக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். மறைமுக வரி வகுப்பில் இவற்றுக்கு நேரம் உண்டு. அந்த வகுப்புக்கு 2பி அறிக்கையையே பார்த்திராத மாணவி வந்தால், குறிப்பெடுத்துத் தேர்வு எழுதிவிட்டுப் போவார். இருநூறு பில்களோடு மல்லாடிவிட்டு வந்தவர் கேள்வியோடு உட்கார்ந்திருப்பார். அலுவலகம் கேள்வியைக் கொடுத்தது, பதில் கல்லூரியில் இருக்கிறது. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது அரைகுறை.

நடைமுறைக்கு ஆயுள் குறைவு என்பதையும் இந்தத் துறையே காட்டுகிறது. 2005இல் தமிழ்நாட்டில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டப்படி படிவம் நிரப்பக் கற்றிருப்பார். 2007 ஜனவரியில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்தது, படிவங்கள் மாறின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, மறுபடி எல்லாம் மாறின. 2025 செப்டம்பரில் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. இருபதே ஆண்டுகளில் இத்தனை மாற்றம். படிவத்தை மட்டும் கற்றவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. வரி எங்கே விழுகிறது, யார் சுமக்கிறார், வரவு எதற்கு என்ற அடிப்படை தெரிந்தவருக்குப் புதிய படிவம் ஒரு வார வேலை. ஏட்டுச் சுரைக்காய் என்று இகழப்படுவது இந்த அடிப்படையைத்தான்.

மென்பொருள் துறை வேகமாக ஓடுவதால் அங்கே கல்லூரிப் பாடம் இன்னும் பயனற்றது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. கோடையில் ஒரு நிறுவனத்தில் தரவுத்தளத்தோடு வேலை செய்யும் மாணவர், தாம் எழுதிய வினவல் முடிய அரை நிமிடம் ஆவதைப் பார்க்கிறார். மூத்தவர் எட்டிப் பார்த்து “இந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போடு” என்பார். போட்டதும் நொடியில் முடிகிறது. மாணவர் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். ஆனால் எல்லா நெடுவரிசைகளுக்கும் இண்டெக்ஸ் போட்டால் புதிய பதிவுகளைச் சேர்ப்பது ஏன் மந்தமாகிறது, எப்போது போடக்கூடாது என்பதை முடிவுசெய்ய அந்த வித்தை உதவாது. அதற்கு, 1970களின் தொடக்கத்தில் போயிங் ஆய்வகத்தில் பேயரும் மெக்ரைட்டும் உருவாக்கிய பி-மரம் என்ற அமைப்பைத் தெரிந்திருக்கவேண்டும். 1970இல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவு மாதிரி இன்றும் உலகின் வங்கிகளைத் தாங்கி நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ நிரல்மொழிகளும் கருவிகளும் வந்து மறைந்துவிட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு நிலைமை இன்னும் தெளிவாகிவிட்டது. கோடை மாணவர்களிடம் வழக்கமாகக் கொடுக்கப்படும் சோதனை நிரல் எழுதுதல், தரவு சுத்தம் செய்தல், அறிக்கை தயாரித்தல் போன்ற துண்டு வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் முதலில் செய்யத் தொடங்கியிருக்கின்றன. கருவி எழுதிக்கொடுத்தது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இனி இடமிருக்கும். அந்தத் தெளிவு வேலையின் அவசரத்தில் வாய்ப்பதில்லை, உட்கார்ந்து படித்தால்தான் வரும்.

படிப்பையும் வேலையையும் இணைக்கும் முறையை உருவாக்கியவர்களே திரும்பி வருவதை அதன் உயிராக வைத்திருந்தார்கள் என்பதை வரலாறு சொல்கிறது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களோடு கூட்டுறவுக் கல்வியைத் தொடங்கினார். மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி தொழிற்சாலையில் இருக்கும் வாரம் மற்றொன்று வகுப்பில் இருக்கும், அடுத்த வாரம் மாறிக்கொள்ளும். தொழிற்சாலையே போதும் என்று ஷ்னைடர் நினைத்திருந்தால் வாரந்தோறும் அவர்களை வகுப்புக்கு அழைத்திருக்கவேண்டியதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே படிப்புப் பருவமும் வேலைப் பருவமும் மாறிமாறி வரும் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் பிட்ஸ் பிலானி 1973இல் கொண்டுவந்த பிராக்டிஸ் ஸ்கூல் திட்டத்தில், இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் இரண்டு மாதப் பயிற்சி. அதன்பின் மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பிப் படிக்கிறார்கள். படிப்பின் கடைசிக் கட்டத்தில் மறுபடி ஒரு பருவம் முழுக்க நிறுவனத்தில். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்புகள் பெயரிலேயே இந்த ஏற்பாட்டைச் சொல்கின்றன. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு வளர்வதைத் தடுக்கவும் செய்யும் என்று, செய்துகற்றலின் பெரும் ஆதரவாளரான ஜான் டூயி 1938இல் எச்சரித்தார். அனுபவத்தைக் கல்வியின் மையத்தில் வைத்தவரே சொன்னது இது. ஆகவே அலுவலகமா கல்லூரியா என்று மோதவிடுகிறவர்கள், தாங்கள் புகழும் முறையையே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, கல்லூரிப் பாடத்திட்டம் பழையது என்பது. பழையது என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்கவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட ஒழுங்குமுறைகள் 2013, 2017, 2021, 2025 என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கின்றன. நிறுவனங்களின் கருவிகளோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். இந்த ஓட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் ஜெயிக்கமுடியாது, ஜெயிக்கவும் தேவையில்லை. மாறும் கருவியை அலுவலகம் கற்றுத்தரட்டும், மாறாத அடிப்படையைக் கல்லூரி கற்றுத்தரட்டும். அதைக்கூடப் பல கல்லூரிகள் ஒழுங்காகச் செய்வதில்லை, குறிப்பைச் சொல்லி எழுதவைத்துவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னால் அது நியாயமான புகார். ஆனால் மோசமான வகுப்புக்கு மருந்து நல்ல வகுப்புதான். வகுப்பே வேண்டாம் என்பது எப்படி மருந்தாகும்? மோசமான அலுவலகங்களும் ஏராளம். இரண்டு மாதமும் ஜெராக்ஸ் எடுக்கவைத்த அலுவலகத்தைக் காட்டி யாரும் வேலைக்கே போகவேண்டாம் என்று சொல்வதில்லை. கல்லூரிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

இரண்டாவது மறுப்பு வெற்றி பெற்றவர்களின் பெயர்களோடு வருகிறது. பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டார், மார்க் சக்கர்பர்க் 2004 கோடையில் கலிபோர்னியா போனவர் வகுப்புக்குத் திரும்பவில்லை. இருவரும் விட்டது ஹார்வர்டை. தொழில் சரிந்தால் திரும்பிச் சேரக் கதவும், தாங்கிப்பிடிக்க வசதியான குடும்பமும் அவர்களுக்கு இருந்தன. மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்தும் தருமபுரி மாணவருக்கு அவை கிடையாது. நம் ஊரிலிருந்தே இதைவிட வலுவான சான்றாக ஜோஹோவைக் காட்டுவார்கள். பட்டம் கேட்காமல் பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் பொறியாளர்களாக்குகிறதே என்பார்கள். பாராட்டவேண்டிய முயற்சிதான். ஆனால் அந்த நிறுவனம் அவர்களை முதல் நாளே வேலையில் இறக்கவில்லை. உதவித்தொகை கொடுத்து, ஆசிரியர்களை வைத்து, நிரலாக்கமும் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தரும் ஒரு பள்ளியை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தானே நடத்துகிறது. அதன் பெயரிலேயே ஸ்கூல் இருக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, வேலையோடு சேர்த்து பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்கவைக்கிறது. அலுவலகமே போதுமென்றால் இந்த இரண்டு நிறுவனங்களும் இவ்வளவு செலவு செய்து வகுப்பறை கட்டுவானேன்? வேலைக்கு வெளியே, உற்பத்தி நெருக்கடி இல்லாத ஓர் இடத்தில் அடிப்படையைக் கற்கவேண்டும் என்று நாம் சொல்வதை அவை செயலில் காட்டுகின்றன.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வீட்டில் கடன் இருக்கிறது, கோடையில் வேலை பார்த்த இடத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள், கையில் வரும் சம்பளத்தை விட்டுவிட்டு இன்னும் இரண்டு ஆண்டு யார் காத்திருப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பத்துக்கு உபதேசம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. கணக்கை மட்டும் முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். பட்டம் இல்லாதவரின் திறமை அவரைப் பார்த்த ஒரே மேலாளருக்குத்தான் தெரியும். அந்த மேலாளர் மாறினால், நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால், அடுத்த வாசலில் விண்ணப்பமே ஏற்கப்படாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, குடிமைப் பணித் தேர்வு எல்லாவற்றுக்கும் பட்டம் குறைந்தபட்சத் தகுதி. பல பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வளாகத் தேர்வுகளில் அரியர் இருந்தாலே கதவு மூடப்படுவதும் நமக்குத் தெரியும். வேறு வேலைக்குப் போகமுடியும் என்பதே சம்பளத்தைப் பேசித் தீர்மானிக்கும் பலம். படிப்பைப் பாதியில் விடுகிறவர் அந்தப் பலத்தை இழக்கிறார், ஏழை மாணவருக்கு அந்த இழப்பு மற்றவர்களைவிட அதிகம். தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்ட மாநிலம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கொடுக்கிறது; 2022 முதல் மாணவியருக்குப் புதுமைப்பெண், 2024 முதல் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கொடுத்துக் கல்லூரியில் இருக்கவைக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4. இந்த வேறுபாடு தானாக வந்ததில்லை. அதைக் கட்டியெழுப்பிய சமூகமே கல்லூரியை வீண் என்று பேசினால், ஏணியை முதலில் இழப்பது அதில் இப்போதுதான் கால்வைத்தவர்கள்.

இந்தக் கருத்தால் லாபம் யாருக்கு என்றும் கேட்கவேண்டும். அலுவலகம்தான் ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஆசிரியரிடம் எதற்குச் சம்பளம் கேட்பது, குருதட்சணைதான் கொடுக்கவேண்டும் என்ற முடிவு தானாக வந்துவிடும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கும், மாணவரிடமே பணம் வாங்கிக்கொண்டு இன்பிளான்ட் டிரெயினிங் சான்றிதழ் அடித்துக்கொடுக்கும் கடைகளுக்கும் அடிப்படை இந்த நம்பிக்கைதான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநர்களுக்கு உதவித்தொகையைக் கட்டாயமாக்கியது. கோடையில் வந்துபோகும் மாணவர்களுக்கென்று அப்படித் தனிச் சட்டம் ஏதும் இல்லை. அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலை பார்த்தவர்கள் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழு அளவுகோல்களை வகுத்தது. பயிற்சி முறையான படிப்போடு இணைந்திருக்கிறதா, கல்லூரிக் கால அட்டவணைக்கு இடம் கொடுக்கிறதா என்பவை அவற்றில் இரண்டு. படிப்போடு தொடர்பு அறுந்தால் அது பயிற்சியா, கூலியில்லாத வேலையா என்ற சந்தேகம் எழவேண்டும் என்பதே இதன் பொருள். கல்லூரிக்குத் திரும்புவதைப் பின்னடைவு என்று பேசும் மாணவர், தம் உழைப்புக்கு விலை கேட்கும் நியாயத்தையும் தாமே விட்டுக்கொடுக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பி வந்த மாணவருக்கு வகுப்பு சலிப்பாக இருக்கிறது என்றால், பழி பெரும்பாலும் கல்லூரிகள் மீதுதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டம், 160 கிரெடிட் கொண்ட பொறியியல் படிப்பில் 14 முதல் 20 கிரெடிட் வரை இன்டர்ன்ஷிப், திட்டப்பணி போன்றவற்றுக்கு ஒதுக்கியது. படிப்புக் காலத்தில் 600 முதல் 700 மணி நேரம் என்று அளவும் சொன்னது. மணி நேரத்தைக் கணக்கிடத் தெரிந்த கல்லூரிகளுக்கு அதைக் கல்வியாக்கத் தெரியவில்லை. மாணவர் ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கையோடு வருகிறார். நிறுவன முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐந்து நிமிட வைவா, துறைத்தலைவர் கையெழுத்து, கோப்பு அலமாரிக்குப் போய்விடுகிறது. அவர் என்ன கேள்வியோடு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பருவத்தின் முதல் இரண்டு வாரத்தை இதற்கென்று ஒதுக்கினால் போதும். ஒவ்வொருவரும் அலுவலகத்தில் தமக்கு விளங்காத மூன்று விஷயங்களைச் சொல்லட்டும். எந்தக் கேள்வி எந்தப் பாடத்தில் வருகிறது என்று ஆசிரியர் பிரித்துக்கொள்ளட்டும். அந்தப் பாடம் வரும் நாளில் அந்த மாணவரே எழுந்து நடந்ததைச் சொல்லி விவாதத்தைத் தொடங்கட்டும். ஆசிரியர்களும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த நிறுவனங்களுக்குப் போய்ப் பார்க்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை. மாணவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் மனம் மட்டும் வேண்டும்.

இந்தப் பருவத்தில் அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வகுப்பில் உட்காரும் மாணவர்கள், அலுவலகத்தில் தாம் செய்த வேலைகளின் பட்டியலைத் தற்குறிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். விளங்காமல் செய்த வேலைகளின் பட்டியலை வகுப்புக்குக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கேட்கவேண்டும். பதில் சொல்லாத ஆசிரியரை மறுபடியும் கேட்கவேண்டும். வேலை செய்ய இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. செய்த வேலையை நிறுத்தி நிதானமாகப் புரிந்துகொள்ள இந்தச் சில பருவங்கள்தான் இருக்கின்றன, அவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.